2009 போராட்டப் படங்கள் யாரிடமாவது இருக்கின்றனவா?

லண்டன் உறவுகளுக்கு வணக்கம். எங்கள் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவரைப் போன கிழமை தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்களாம்.

2021இல் பிரித்தானியக் குடிவரவு வழக்குகளின் மேல் தீர்ப்பாயம் தந்த தீர்ப்பு கைகொடுக்கக்கூடும் என்கிறார் புதிய சட்டத்தரணி. புலம்பெயர்ந்த நாட்டில் தனிநாட்டுக் கோரிக்கைக்காகக் குறிப்பிடத்தக்க பங்கு வகித்தவருக்கு இலங்கையில் ஆபத்து உண்டு என்பதை அது ஏற்கிறது. கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்றேன் என்றால் போதாது. தம்பியோ மேடை கட்டியவர், ஒலிபெருக்கி சுமந்தவர். படத்துக்கு முகம் காட்டாத ஆள்! முந்தைய தஞ்சக் கோரிக்கை விண்ணப்பத்தில் இதை யாரும் எழுதவேயில்லை.

ஆகவே, 2009 ஏப்ரலில் நாடாளுமன்றச் சதுக்கத்திலோ, பிந்திய மே 18, மாவீரர் நாள் நிகழ்வுகளிலோ எடுத்த படங்கள் இருந்தால் தேடிப் பாருங்கள். பழைய கைபேசிகளையும் கிளறுங்கள். ஏற்பாட்டாளர்கள் கையொப்பமிட்ட கடிதம் இன்னும் பெறுமதியானது. திகதியும் அவர் செய்த வேலையும் தெளிவாக இருக்கட்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிடாதீர்கள், அது அவரையே கவிழ்த்துவிடும்.

பெயரை இங்கே கேட்க வேண்டாம். ஊரில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். தனிச்செய்தி அனுப்பினால் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பு போயாக வேண்டும்.