காது கேளாத அப்பாவின் கட்டிலருகே என்ன வைக்கலாம்?

முரசுமோட்டை மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. 2009இல் போர் நேரம் மாத்தளனில் பக்கத்தில் செல் விழுந்து இரண்டு காதும் போய்விட்டன. வலது காதுக்குள் கத்தினால் கொஞ்சம் கேட்கும். போன மாதம் வாய்க்கால் துப்புரவாக்கும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. சீனி வருத்தக்காரர், புண் மாறவில்லை. காய்ச்சலும் வந்ததால் 1990 இலக்கத்துக்கு அடித்து, அந்த அம்புலன்ஸில் கொண்டுபோய் வார்ட்டில் சேர்த்தோம்.

அப்பா எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். மற்றவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு. "மருந்து அலர்ஜி ஒன்றும் இல்லைதானே ஐயா?" என்று டொக்டர் கேட்டிருக்கிறார். அதற்கும் தலையாட்டிவிட்டார். அவருக்குப் பெனிசிலின் ஒத்துவராது. முன்பு ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்து, மூச்சும் முட்டியது. மதியச் சாப்பாட்டோடு நான் போனபோது ரிக்கட்டில், அதுதான் வார்ட்டில் மருந்து எழுதும் தாளில், பெனிசிலின் வகையான கிளொக்சசிலின் எழுதியாகிவிட்டது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தைக் காட்டித்தான் நிறுத்தினேன். அன்றைக்கு பஸ் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டாம் இரவு விழுந்தார். சலம் போக வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். "வாறன், இருங்கோ" என்று நேர்ஸ் பதில் சொன்னது பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஒருவரும் வரவில்லை என்று நினைத்துத் தானே இறங்கிவிட்டார். அந்த நேர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது பேருக்கு இரண்டு பேர் அந்த இரவு. ஆண்கள் வார்ட் என்பதால் நான் இரவில் நிற்க முடியாது. நிற்பதற்குத் தம்பியும் இப்போது இல்லை.

அடுத்த கிழமை காலில் ஒப்பரேஷன், திரும்பவும் வார்ட். கடையில் வயர் இல்லாத கோலிங் பெல் பார்த்தேன், அதைக் கட்டிலில் வைக்கலாமா? பேசுவதை எழுத்தாகக் காட்டும் அப் தமிழில் வேலை செய்யுமா? டொக்டர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார்.

வவுனியா நேர்ஸ்:

தங்கச்சி, பெல்லுக்கு முதல் அலர்ஜியைப் பாருங்கள். அமொக்சிசிலின், கிளொக்சசிலின், கோ-அமொக்சிகிளாவ் எல்லாம் பெனிசிலின் குடும்பம்தான். நோயாளிக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது. சேர்க்கும்போதே ரிக்கட்டின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், எழுதும்வரை அந்த இடத்தை விட்டு அசையாதீர்கள். கையில் பட்டி கட்டினால் அதிலும் எழுதவேண்டும். ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் மறுபடி கேட்பார்கள், அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது.

பெல்லை வார்ட் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ரிசீவர் எங்கள் மேசையில் இருக்கவேண்டும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அது பாதி வேலைதான் செய்யும். அவர் அழைப்பது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் கேட்டுவிட்டோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் விழுந்ததும் இதனால்தானே. டோர்ச்சை இரண்டு தரம் மின்னினால் 'வருகிறேன்' என்று பேசி வையுங்கள். தலைமாட்டில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மட்டை தொங்கவிடுங்கள்: காது கேளாது, முகம் பார்த்துப் பேசவும், டோர்ச் இரண்டு தரம் என்றால் வருகிறேன். ஷிப்ட் மாறும்போது வாயால் சொன்னது மறந்துபோகும், மட்டை அங்கேயே இருக்கும்.

இன்னொன்று. "இல்லைதானே", "நோகவில்லைதானே" என்று அவசரத்தில் நாங்களும்தான் கேட்கிறோம். தலையாட்டுகிறவரிடம் அந்தத் 'தானே' பெரிய ஆபத்து. "எந்த மருந்து ஒத்துவராது?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லவேண்டும். இதையும் மட்டையில் எழுதுங்கள். நான் கோபிக்க மாட்டேன், மற்றவர்களும் கோபிக்கக் கூடாது.

கிளிநொச்சி போன் கடை:

அக்கா, லைவ் டிரான்ஸ்கிரைப் என்று கூகுளின் அப் 2019இலிருந்து இருக்கிறது, ஆண்ட்ரொய்ட் போனுக்கு இலவசம். மொழியில் தமிழைத் தெரிவுசெய்து எழுத்தைப் பெரிதாக்கிவிடுங்கள். டேட்டா வேண்டும். நாங்கள் பேசுகிற வேகத்துக்குப் பிழை பிழையாக எழுதும், மெதுவாகச் சொன்னால் பரவாயில்லை. சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பு அப்பை 'எங்கே நோகிறது' என்ற அளவுக்கு மட்டும் நம்புங்கள். என் அம்மாவுக்கு 'சாப்பாட்டுக்கு முன்' என்பதை 'பின்' என்று காட்டியது. மருந்தின் அளவுக்கும் ஒப்பரேஷன் சம்மதத்துக்கும் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு:

எனக்கு முள்ளந்தண்டில் காயம், வார்ட்டில் மாதக்கணக்கில் கிடந்தவன். பெல் பட்டனை லொக்கர் மேல் வைக்காதீர்கள், தட்டி விழுந்துவிடும். கட்டில் கம்பியில் இலாஸ்டிக் போட்டுக் கட்டுங்கள். இருட்டில் தடவினாலும் கை படவேண்டும். சார்ஜ் போடப் பிளக் கிடைக்காது, பவர் பாங்க் கொண்டுபோங்கள்.

முரசுமோட்டை மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒப்பரேஷன் முடிந்தது, அப்பா சுகம். சிங்களத்தைப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் எழுதித் தந்தார். சிஸ்டர் மட்டையை வாசித்துவிட்டுத் தானே பிளாஸ்டர் எடுத்து ஒட்டினா. அப்பைவிட மட்டைதான் கூட உதவியது. அப்பாவுக்குத் திரையை வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது, அதை நான் வீட்டில் விட்டுவிட்டேன். டொக்டர் வந்து "எந்த மருந்து?" என்று கைவிரித்துக் கேட்க, அப்பா வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறார். டொக்டர் போகாமல் நின்று மட்டையைக் காட்டி மறுபடி கேட்டாராம். அதற்குப் பிறகு அப்பா "பெனிசிலின்" என்று வார்ட் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாராம்.

போன் கடைத் தம்பி, மூன்றாம் நாள் பெல் பட்டன் வேலை செய்யவில்லை. உள்ளே சின்ன 12 வோல்ட் பட்டரி. உங்கள் கடையில் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வரும்போது வாங்குகிறேன்.