கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதம் பற்றி எங்கட பெரியவர்களுக்குத் தமிழில் வகுப்பு: எப்படி நடத்துவது?

ஸ்காபரோ_வாசகர்வட்டம் கேட்டது:

வணக்கம். மாசி மாதம் தொடங்கி ஆறு கிழமைக்கு, கிழமைக்கு இரண்டு மணித்தியாலமாக, கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதம் பற்றித் தமிழில் ஒரு வகுப்பு வைக்கப்போகிறோம். வருபவர்களுக்கு 45 முதல் 70 வயது இருக்கும். பெரும்பாலும் 80களின் கடைசியிலும் 90களிலும் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்த ஆக்கள். பேஸ்மென்ற் வாடகை, பேரப்பிள்ளைகளின் சிநேகிதர், கலியாணப் பேச்சு என்று வரும்போது வீடுகளில் என்ன கதைபடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "நாங்களே அடிபட்டு ஓடி வந்த சனம், எங்களுக்கு ஏன் இந்த வகுப்பு?" என்று முதல் நாளே கேட்பார்கள். எதிலிருந்து தொடங்கலாம்? பொலிஸ் புள்ளிவிவரங்களைக் கணக்குத் தெரியாதவருக்கும் விளங்க எப்படிக் காட்டலாம்? எங்கே பிழை வரும்?

தென்ஒன்ராறியோ எழுதியது:

அமெரிக்காவிலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கினால் "அது அங்கத்தைய பிரச்சினை" என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கட ஒன்ராறியோ மாகாணத்திலேயே இருக்கிற ட்ரெஸ்டன் ஊரிலிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள் குடியேறிய பகுதி அது. அவர்களின் சந்ததிக்கு 1940களிலும் ஊர் உணவகங்களில் சாப்பாடு கொடுக்க மறுத்தார்கள். ஹியூ பர்னெற் என்ற தச்சுத் தொழிலாளியும் அவருடைய சங்கமும் நெருக்கியதால், 1949 டிசெம்பரில் ஊரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பாகுபாட்டைத் தடுக்கும் விதிக்கு எதிராக 517 வாக்கு, ஆதரவாக 108. ஊர் கைவிட்ட பிறகு மாகாண அரசிடம் போனார்கள். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1954இல் வந்தது. வந்த பிறகும் கடைக்காரர் மறுத்ததால், யமேய்க்காவில் பிறந்த தொழிற்சங்கக்காரர் புறொம்லி ஆம்ஸ்ற்றோங்கும் சீன வம்சாவளிப் பெண்ணான றூத் லோரும் அங்கே போய் இருந்து சாப்பாடு கேட்டார்கள். மறுக்கப்பட்டது பத்திரிகைச் செய்தியானது, விசயம் நீதிமன்றத்துக்குப் போனது. பர்னெற்றுக்கு ஊரில் வேலை கொடுப்பார் இல்லாமல் போய், அவர் ஊரை விட்டே வெளியேறினார். அந்தச் சட்டத்தையும் அதையொத்த மற்றச் சட்டங்களையும் ஒன்றாக்கித்தான் 1962இல் ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை வந்தது. பிறகு வந்த தமிழருக்கு வேலையிலும் வாடகையிலும் காவலாக நிற்பது அதுதான். முதல் வகுப்பில் இது ஒன்றே போதும்.

இரண்டாம் வகுப்பில் இரண்டு அரச ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வரவேண்டும் என்று 1908இல் போட்ட விதி இந்தியர்களை மறித்தது. 1911 ஓகஸ்ற்றில் அமைச்சரவை எடுத்த ஆணை, கறுப்பினத்தவர் கனடாவின் காலநிலைக்குப் பொருந்தாதவர்கள் என்று சொல்லி ஒரு வருடத்துக்குத் தடை போட்டது. இரண்டையும் போட்டது பிரதமர் லோரியேயின் அரசுதான். 1911 ஆணை நடைமுறைக்கு வராமலே நீக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கறுப்பினத்தவர் கனடாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவின் ஒக்லஹோமாவுக்கு முகவர்களை அனுப்பி "வராதீர்கள்" என்று சொல்லவைத்து, அதே காரியத்தை வேறு வழியால் முடித்துக்கொண்டார்கள்.

"கனடாவில் அடிமைமுறை இருக்கவில்லையே" என்று ஒருவராவது கேட்பார். 1834 ஓகஸ்ற் 1 வரை இருந்தது. இன்றைய ஒன்ராறியோவில் வந்த 1793 சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத்தான் நிறுத்தியது, ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை.

வட்டக்கதிரை எழுதியது:

"நாங்களும் அடிபட்டோம்" என்ற பேச்சை அடக்கப் பார்த்தால் ஆறு கிழமையும் அது அடியில் கிடந்து புகையும். முதல் நாளே அதற்கு 20 நிமிடம் கொடுங்கள். இரண்டு இரண்டு பேராக இருந்து 1956 தனிச்சிங்களச் சட்டம், பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல், 83 கலவரம், எதை வேண்டுமானாலும் எடுத்துப் பேசட்டும். ஆனால் எழுதும் தாளில் மூன்று நிரல்தான் இருக்கவேண்டும்: யார் செய்தது, எந்த விதி இடம் கொடுத்தது, பக்கத்தில் நின்றவர் என்ன செய்தார். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, ட்ரெஸ்டனையும் 1911 ஆணையையும் அதே மூன்று நிரலில் நிரப்பச் சொல்லுங்கள். யாருக்குக் கூட வலித்தது என்று அளக்கிற பேச்சு அதோடு குறைந்துவிடும், ஏனென்றால் வலிக்கு அதில் நிரலே இல்லை.

ஒருவர் வாயாலும் கெட்ட வார்த்தை வராமலே ஒரு விதி ஆளை வெளியே தள்ளும் என்பதை விளக்கத் தரப்படுத்தலை விடப் பொருத்தமான உதாரணம் உங்கள் வகுப்புக்குக் கிடைக்காது. ஒரே சோதனை, ஒரே பாடம், ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி மேலே. ஆனால் அதோடு நிறுத்தினால் ஆபத்து. அந்தக் கதையில் நாங்கள் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கம். வீட்டுச் சொந்தக்காரராக, கடை முதலாளியாக, மேற்பார்வையாளராக இருக்கும்போது நாங்கள் நிற்கிற பக்கம் வேறு. "பக்கத்தில் நின்றவர்" நிரலை நான்காம் கிழமையிலிருந்து "நாங்கள்" என்று மாற்றுங்கள்.

12 முதல் 15 பேர் போதும், நடத்துவதற்கு இரண்டு பேர். அதற்கு மேல் போனால் நான்கு பேர்தான் கதைப்பார்கள், மற்றவர்கள் தேத்தண்ணிக்குக் காத்திருப்பார்கள். "காப்பிலி", "கறுவல்" என்ற சொற்கள் வகுப்பில் வேண்டாம் என்று முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். கறுப்பினத்தவர் என்று சொல்லலாம், தெரிந்தால் சோமாலியர், யமேய்க்கர் என்று சொல்லலாம். தவறிச் சொன்னவரை நடுச்சபையில் கண்டித்தால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார்.

வாடகைச்சட்டம் எழுதியது:

வாடகைக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். "என்ர வீடு, நான் விரும்பினவருக்குத்தான் குடுப்பன்" என்பது பாதிதான் சரி. வீட்டுக்காரரோடு அல்லது அவர் குடும்பத்தோடு குளியலறையையோ சமையலறையையோ பகிரவேண்டிய இடத்துக்கு மட்டும் மனித உரிமைக் கோவையில் விலக்கு இருக்கிறது. தனிக் குசினி, தனிக் குளியலறை உள்ள பேஸ்மென்ற்றுக்கு அந்த விலக்குப் பொருந்தாது. இனத்தைப் பார்த்து மறுத்தால் மறுக்கப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இதை வாசித்துக் காட்டினால் ஒட்டாது, நடித்துப் பழகவேண்டும். மூன்று பேர்: வீட்டுக்காரர், வீடு பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ற், பார்ப்பவர். ஏஜென்ற் "அவைக்குக் குடுக்காதேங்கோ, பிறகு எழுப்பேலாது" என்கிறார். பத்து விநாடிக்குள் சொல்லக்கூடிய பதில் வேண்டும்: "ஆளைப் பார்த்து விலக்கேலாது. சம்பள விபரம், கிரெடிட், முந்தின வீட்டுக்காரரின்ர கடிதம், மூண்டையும் எல்லாரிட்டயும் ஒரேமாதிரிக் கேப்பம்." ஒவ்வொருவரும் வாய்விட்டு மூன்று தடவையாவது சொல்லவேண்டும். நீண்ட விளக்கம் கொடுக்கப் போனால் ஏஜென்ற் வாதத்துக்கு இழுத்துவிடுவார்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

கணக்கு பத்தி சொல்றேன். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2018 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்குங்க. டொராண்டோ மக்கள்ல கறுப்பினத்தவர் 8.8%. 2013லேர்ந்து 2017 வரைக்கும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல இறந்தவங்கள்ல அவங்க 70%. மேஜைக்கு 100 புளியங்கொட்டை கொடுங்க, 9 கொட்டைக்கு மை தடவுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பத்து எடுத்தா எத்தனை மைக்கொட்டை வருதுன்னு ஒவ்வொருத்தரும் பார்க்கட்டும். பெரும்பாலும் ஒண்ணு வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது, சில சமயம் ரெண்டு வரும். ஏழு வரவே வராது. அதைக் கையால பார்த்தப்புறம் 70% எவ்வளவு பெரிசுன்னு தனியா சொல்லவேண்டியதில்ல.

இங்க ஒரு சிக்கல் வரும். எழுபதை 8.8ஆல வகுத்தா 8 மடங்கு. ஆனா அறிக்கை கிட்டத்தட்ட 20 மடங்குன்னு சொல்லுது. "எது பொய்?"ன்னு ஒருத்தர் கேப்பார். ரெண்டும் சரி. 8ங்கிறது அவங்க மக்கள்தொகைப் பங்கோட ஒப்பிட்டது, 20ங்கிறது வெள்ளையர் ஒருவரோட ஒப்பிட்டது. முன்னாடியே சொல்லிடுங்க. சாவுகளோட எண்ணிக்கை சின்னதுங்கிறதால, கடுமையான காயமோ சாவோ ஏற்பட்ட பலப்பிரயோக வழக்குகள்ல சுமார் 30% கறுப்பினத்தவர்ங்கிற எண்ணையும் சேர்த்துக் காட்டுங்க. பெரிய எண்ணிக்கைலயும் அதே சாய்வு தெரியும்.

ஸ்காபரோ_வாசகர்வட்டம் கேட்டது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு விசயம். சாதியை ஒப்பிட்டுப் பேசலாமா? கறுப்பினத்தவர் ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாமா?

வட்டக்கதிரை எழுதியது:

சாதியைக் கட்டாயம் பேசுங்கள், ஐந்தாம் கிழமையில். முதல் நாளில் எடுத்தால் வகுப்பு சாதிச் சண்டையாகிவிடும், எடுத்த விசயம் போய்விடும். கிணற்றில் அள்ளவிடாததையும் கோயிலுக்குள் விடாததையும் "அந்தக் காலத்து வழக்கம்" என்று சொல்லுகிற அதே வாய்தான் இங்கே "அவை அப்பிடித்தான்" என்கிறது. ஒடுக்கிய பக்கத்தில் நின்று பார்க்க எங்களுக்குச் சாதியை விட்டால் வேறு வழி கிடையாது. 2023 ஒக்ரோபரில் ஒன்ராறியோ ஆணையமே சாதிப் பாகுபாடும் கோவைக்குள் அடங்கும் என்று அறிவித்திருக்கிறது, அதையும் வைத்துப் பேசலாம். ஆனால் சமன் போடாதீர்கள். தோலின் நிறத்தைத் தெருவில் போகிற பொலிஸ்காரர் தூரத்திலேயே காண்பார், சாதிக்கு அப்படியில்லை.

அழைப்பதென்றால் இந்தப் பாடத்தில் தேர்ந்த ஒருவரை அழையுங்கள், பக்கத்து வீட்டுக்காரரை அல்ல. தன் வேதனையைச் சொல்லி எங்களை நம்பவைக்கும் வேலையை யாரிடமும் சுமத்தக்கூடாது. ஆறாம் கிழமைதான் நல்லது, அதற்குள் சில்லறைக் கேள்விகளை வகுப்பே தீர்த்திருக்கும். கேள்விகளை முன்கூட்டித் தாளில் வாங்கி, வடிகட்டி, ஒரு கிழமைக்கு முன் அவருக்கு அனுப்புங்கள். பேசுவதற்கான கட்டணத்தை அழைக்கும்போதே சொல்லி, அன்றைக்கே கையில் கொடுங்கள். பொன்னாடையும் சாப்பாடும் கட்டணம் ஆகாது.

தென்ஒன்ராறியோ எழுதியது:

ஆறாம் கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ட்ரெஸ்டனுக்குப் பஸ் பிடியுங்கள். ஸ்காபரோவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அங்கே குடியேறிய ஜோசையா ஹென்சனின் பெயரிலான அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.