கூப்புட்டா திரும்பாத பையன்: யாஸ்மின் அஹ்மாட் படம் பாத்த அனுபவம்

பட்டர்வொர்த் பொண்ணு:

மலேசிய டைரக்டர் யாஸ்மின் அஹ்மாட் படம் பாத்து உங்க வீட்ல ஏதாச்சும் நடந்திருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க இல்ல, எனக்கு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

போன தீபாவளி லீவுல அம்மா, என் தாய்மாமா, நான் மூணு பேரும் உக்காந்து டேலன்டைம் பாத்தோம். 2009-ல வந்தது, அவங்க எடுத்த கடைசி முழுநீளப் படம், அதே வருஷம் ஜூலை 25 தவறிட்டாங்க, 51 வயசு தான். அதுல மகேஷ்னு ஒரு தமிழ்ப் பையன், காது கேக்காது, ஸ்கூல் பாட்டுப் போட்டிக்கு பாடுற மெலூர்ங்கிற பொண்ண மோட்டர்சைக்கிள்ல கூட்டிட்டு வந்து விடுறது அவன் வேலை. எங்க மாமாவுக்கும் பொறந்ததுல இருந்தே காது கேக்காது, அதனாலதான் அவருக்கு இந்தப் படத்த காட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

ஆரம்பத்துல ஒரு சீன் வரும். மெலூர் பேசிட்டே இருப்பா, மகேஷ் பதில் சொல்ல மாட்டான், திமிரு புடிச்சவன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி திட்டிடுவா, அப்புறந்தான் அவனுக்கு காது கேக்காதுன்னு தெரியும். மாமா கைய தூக்கி நிறுத்துன்னாரு. திரும்பப் போடுன்னாரு. மூணு வாட்டி போட்டேன். மூணாவது வாட்டி முடிஞ்சதும் அம்மா பக்கம் திரும்பி, முழங்கைக்கு மேல ரெண்டு விரலால கிள்ளுற மாதிரி காட்டி, டிவிய காட்டி, சிரிச்சாரு. அம்மா மொகம் அப்படியே மாறிப்போச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். அந்தக் கிள்ளு எங்க வீட்ல அம்மாவோட பேரு. சின்ன வயசுல இருந்து மாமாகிட்ட “அம்மா எங்க”ன்னு கேக்கணும்னா நாங்க எல்லாரும் அதத்தான் காட்டுவோம், அப்பாவுக்கு மீசை, பாட்டிக்கு மூக்குத்தி, அம்மாவுக்கு கிள்ளு. ஏன் கிள்ளுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

அன்னிக்கிதான் அம்மா சொன்னாங்க. நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தாங்களாம், தாத்தா பாட்டி விடியறதுக்குள்ள ரப்பர் பால் எடுக்க மரம் சீவப் போயிடுவாங்க, மாமாவ ஆயாக்கொட்டகையில, அதாவது தோட்டத்துப் பிள்ளைங்கள பாத்துக்குற எடத்துல இருந்து கூட்டிட்டு வந்து பாத்துக்கிறது அம்மா பொறுப்பு, அம்மாவுக்கே ஏழு வயசு. கூப்புட்டா திரும்ப மாட்டாராம். லயத்து வீடுகள்ல இருந்த எல்லாரும் இவனுக்கு திமிருன்னு சொல்ல, அம்மாவும் அத நம்பி ஓடிப்போயி கிள்ளுவாங்களாம், தெனமும். ஒரு தீபாவளிக்கு பட்டாசு வெடிச்சப்ப எல்லா பிள்ளையும் துள்ளிக் குதிக்க மாமா மட்டும் மண்ண நோண்டிட்டு உக்காந்திருந்தாராம், அப்பத்தான் பாட்டிக்கு வெளங்கியிருக்கு.

இதச் சொல்லிட்டு அம்மா எந்திரிச்சுப் போயி அவர் பக்கத்துல உக்காந்து சட்டைக் கைய மேல தள்ளிப் பாத்தாங்க. அறுபது வருஷம் கழிச்சு அங்க என்ன இருக்கும். ஆனாலும் பாத்தாங்க.

செந்தூல்காரன்:

அக்கா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

எனக்கு முக்சின். 2007 பெர்லின் விழாவுல சிறுவர் பிரிவுல பரிசு வாங்குன படம். எல்லாரும் அதுல வர்ற பத்து வயசுப் பொண்ணு ஓர்கெட் பத்தியே பேசுவாங்க, நான் அந்த பன்னெண்டு வயசுப் பையன் முக்சினத்தான் பாத்துட்டு இருந்தேன். ஸ்கூல் லீவுக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவன், ஓர்கெட் வீட்ல அவங்க அம்மா அப்பா சேந்து பாட்டு போட்டு ஆடுறதப் பாத்துட்டு நிப்பான். நானும் லீவு விட்டா பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைதான், எங்க வீடு அப்போ சரியா இல்ல. பெரியப்பா ரம்புத்தான உரிச்சு, கொட்டையோட ஒட்டுற தோலையும் நகத்தால எடுத்துட்டு பெரியம்மா தட்டுல வைப்பாரு, அவரு ஒண்ணும் பேச மாட்டாரு, அவங்களும் ஒண்ணும் பேசாம எடுத்து சாப்புடுவாங்க. புருஷன் பொண்டாட்டி இப்படியும் இருப்பாங்களான்னு நான் அங்கதான் மொத மொதல்ல பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க என்ன பேசுனாலும் ஓர்கெட்டோட அம்மா அப்பா சந்தோஷத்த மறைக்காம இருந்தாங்களே, ஒரு பிள்ளைக்கு அதுக்கு மேல என்னங்க வேணும். என் மகளுக்கு இப்ப ஒம்பது வயசு, அவ முன்னாடி நானும் என் மனைவியும் சண்டைய மட்டும் காட்டக்கூடாதுன்னு இருக்கோம்.

கெப்போங் டீச்சர்:

படத்த விட யாஸ்மின் பெட்ரோனாஸ் எண்ணெய் கம்பெனிக்கு எடுத்த விளம்பரம்தான் என் வகுப்புல வேலை செஞ்சுச்சு. மலேசியாவோட ஐம்பதாவது மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திர தினத்துக்கு, 2007-ல வந்தது. ஒரு சின்ன சீனப் பையன் தனக்குப் புடிச்ச மலாய்ப் பொண்ணப் பத்தி வெக்கப்பட்டு வெக்கப்பட்டு சொல்வான், அப்புறம் அவளும் அவன் பேரச் சொல்லுவா, அவ்ளோதான். எங்க தமிழ்ப்பள்ளி ரெண்டாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு போட்டுக் காட்டினேன், ஒருத்தன்கூட கேலி பண்ணல, எல்லாரும் ஆளாளுக்கு தன் பிரெண்டு யாருன்னு சொல்ல கை தூக்கிட்டாங்க.

பட்டர்வொர்த் அக்கா, மாமா படத்த முழுசா பாத்தாரா? மகேஷோட அம்மா அவன அடிக்கிற சீன உங்கம்மா எப்படி எடுத்துக்கிட்டாங்க?

பட்டர்வொர்த் பொண்ணு:

முழுசா பாத்தாரு டீச்சர். அடிக்கிற சீன்ல அம்மா தலைய குனிஞ்சுட்டாங்க. அந்தம்மாவ கெட்டவங்களா யாஸ்மின் காட்டல பாத்தீங்களா, விதவை, கல்யாணம் நடக்குற நேரத்துல பக்கத்து சாவு வீட்டுக்காரங்களோட தகராறாகி கூடப்பொறந்த தம்பிய பறிகுடுத்தவங்க, அந்தக் கோவம் எங்கிருந்து வருதுன்னு நமக்கு தெரியும். எங்கம்மாவுக்கும் தெரிஞ்சுச்சு.

கடைசியில மெலூர் பாட முடியாம மேடைய விட்டுப் போயிடுவா, மகேஷ் பின்னாடியே போயி கையால பேசுவான். மாமாவோட கைமொழி பழசு. பினாங்குத் தீவுல 1954-ல ஆரம்பிச்ச காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்லதான் அவர் படிச்சாரு, அங்க கிளாஸ்ல உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கவும் வாயால பேசவும்தான் பழக்குவாங்களாம், ஹாஸ்டல்ல பிள்ளைங்களே தங்களுக்குள்ள ஒரு மொழிய உண்டாக்கிட்டாங்க, பினாங்கு சைகை மொழின்னு அதுக்குப் பேரே இருக்கு, இப்ப வயசானவங்கதான் பேசுறாங்க. மாமா லீவுக்கு ஃபெரி ஏறி வர்றப்பல்லாம் புது வார்த்தையோட வருவாராம், வீட்ல அத உக்காந்து கத்துக்கிட்டது அம்மா மட்டும்தான். அதனால அந்த சீன் ஓட ஓட மாமா அத தன் கையில மாத்தி அம்மாவுக்கு சொல்லிட்டே இருந்தாரு, நான் டிவிய பாக்கவே இல்ல, இவங்க ரெண்டு பேரத்தான் பாத்துட்டு இருந்தேன்.

படம் முடிஞ்சு அம்மா கேட்டாங்க, என் பேர மாத்திடு தம்பின்னு. மாமா யோசிச்சாரு. அப்புறம் அதே எடத்துல விரல வச்சாரு, ஆனா கிள்ளல, மெதுவா தடவினாரு. மறுநாள் காலையில காப்பி கேக்குறப்ப பழையபடி கிள்ளுதான்.