புதுப்பிப்பு: ஃப்ளூ கணிப்புப் போட்டி நிரல் கிட்ஹப்பில் ஏறிவிட்டது

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி நடத்தும் ஃப்ளூசைட் என்ற ஃப்ளூ காய்ச்சல் கணிப்புப் போட்டிக்கான எங்கள் மாதிரியின் நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைக்கப் பார்த்தோம். 100 எம்பியைத் தாண்டிய கோப்பு இருப்பதாகச் சொல்லி கிட்ஹப் ஏற்க மறுத்தது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு அனுப்பினாலும் அதே பதில்தான்.

காரணம், கோப்பு பழைய கமிட்டுகளில் (முன்பு சேமித்த மாற்றப் பதிவுகளில்) அப்படியே இருந்தது. 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவி கொண்டு வரலாற்றிலிருந்தே நீக்கச் சொன்ன நண்பரின் வழிதான் பலித்தது. நிரல் களஞ்சியத்தைப் புதிதாக குளோன் (முழு நகல்) எடுத்து அதில் ஓட்டுங்கள், பழைய நகலில் அது அடம்பிடிக்கும்.

எதிர்பாராதது ஒன்று: ஓட்டி முடித்ததும் 'ஆரிஜின்' ரிமோட்டை, அதாவது மூலக் களஞ்சியத்தைச் சுட்டும் முகவரியை, காணோம். கோளாறு இல்லை, பழைய களஞ்சியத்துக்குத் தவறிப்போய் அனுப்பிவிடக் கூடாதென்று கருவியே எடுத்துவிடுகிறது. திரும்பச் சேர்த்தால் போதும். இதைவிட முக்கியமானது, கமிட் ஹாஷ்கள், அதாவது ஒவ்வொரு கமிட்டின் அடையாளக் குறிகள், மாறிவிடும். மாதிரியின் முறை விளக்கத்தில் ஹாஷைக் குறிப்பிட்டிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். நாங்கள் அதற்குப் பதில் ஆய்வுத் தரவையும் நிரலையும் சேமித்து வைக்கும் தளமான ஜெனோடோ தரும் டிஓஐ (நிலையான அடையாள) எண்ணையே கொடுத்துவிட்டோம். ஜெனோடோவில் உங்கள் கிட்ஹப் களஞ்சியத்துக்கான இணைப்பை முதலில் இயக்கிவிட்டு, பிறகு கிட்ஹப்பில் வெளியீடு (ரிலீஸ்) போடுங்கள். அதற்கு முந்தைய வெளியீடுகளை அது தானாக எடுத்துக்கொள்ளாது.

பெரிய தரவுக் கோப்பும் தனிப் பதிவாக ஜெனோடோவிலேயே இருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமமும் சேர்த்தாயிற்று. உரிமம் இல்லாத நிரலைப் பார்க்கலாமே தவிர, எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் உரிமை கிடையாது.