நடுநிலையாக்கல் வெப்பம் 45 கிலோ ஜூல்தான் வருகிறது, எங்கே போகிறது மீதி?

கேள்வி:
பிளஸ் ஒன் செய்முறை: நடுநிலையாக்கல் வெப்பம், அதாவது அமிலமும் காரமும் வினைபுரிந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பம், காண வேண்டும். 250 மி.லி. கண்ணாடி பீக்கரில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. வெப்பநிலை 29.0 டிகிரியில் இருந்து 34.4 வரை ஏறியது. 100 கிராம் × 4.18 (நீரின் தன்வெப்பம், ஒரு கிராம் ஒரு டிகிரி ஏற வேண்டிய ஜூல்) × 5.4 = 2257 ஜூல். 0.05 மோலால் வகுத்தால் 45.1 கிலோ ஜூல். புத்தகத்தில் 57. கணக்கில் தவறா?

பதில் 1:
கணக்கு சரி, பாத்திரம்தான் தவறு. அந்த பீக்கர் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். கண்ணாடியின் தன்வெப்பம் 0.84, எனவே ஒரு டிகிரி ஏற 84 ஜூல் தின்னும். அதையும் சேர்த்துப் போட்டால் உங்கள் எண்ணே 54-க்கு வந்துவிடும். ஆனால் பீக்கர் முழுதும் ஒரே சீராகச் சூடாகாது. அதனால் இதை ஒரு திருத்தம் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம், பாத்திரத்தை மாற்றுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தெர்மாகோல் கப், மேலே துளையிட்ட தெர்மாகோல் மூடி, கவிழாமல் இருக்க அதே பீக்கருக்குள் வையுங்கள்.

அடுத்தது, உச்ச அளவை அப்படியே எடுக்கக் கூடாது. உச்சத்துக்கு வருவதற்குள்ளேயே கொஞ்சம் வெப்பம் வெளியேறியிருக்கும். அமிலத்தின் வெப்பநிலையை 30 விநாடிக்கு ஒருமுறை குறித்து, 3-ஆவது நிமிடத்தில் காரத்தை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். பிறகு 8-ஆவது நிமிடம் வரை குறியுங்கள். வரைபடத்தில் இறங்கும் கோட்டைப் பின்னோக்கி 3-ஆவது நிமிடம் வரை நீட்டுங்கள். அங்கே கிடைப்பதுதான் உண்மையான உச்சம்.

பதில் 2:
காரத்தையும் சந்தேகப்படுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் எடை போடும்போதே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். தட்டில் பளபளவென்று நனைந்து தெரிந்தால் 4 கிராம் என்பது 4 கிராம் அல்ல. கரைசல் 0.9 மோலார் ஆகிவிட்டால் வினைபுரிவது 0.045 மோல்தான், ஏற்றமும் பத்தில் ஒரு பங்கு குறையும். காரத்தை 1.1 மோலாராக எடுத்தால் வினையின் அளவை அமிலமே தீர்மானிக்கும். அமிலத்தின் செறிவை மட்டும் தரம்பார்த்து (டைட்ரேஷன் செய்து) சரியாக வைத்திருந்தால் போதும்.

காரத்தை அன்றே கரைத்தீர்களா? 100 மி.லி.யில் 4 கிராம் கரைந்தாலே சுமார் 10 டிகிரி ஏறும். அறை வெப்பநிலைக்கு ஆறிய பின்பே பயன்படுத்துங்கள். காரம் அமிலத்தைவிட 2 டிகிரி சூடாக இருக்கும்போது அமிலத்தின் வெப்பநிலையை மட்டும் தொடக்கமாகக் கொண்டால், விடை 8 கிலோ ஜூலுக்கு மேல் கூடிவிடும். கண்ணாடி அணியாமல் இந்தக் காரத்தைத் தொடவே தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
தெர்மாகோல் கப்பில் 6.6 டிகிரி, 55.2 கிலோ ஜூல். நன்றி சார். இன்னொன்று: 50 மி.லி. நீரில் 5 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் 5.5 டிகிரி குறைகிறது. வெப்பம் வெளியே போனால் இன்னும் அதிகம் குறைய வேண்டாமா?

பதில் 1:
55.2 நல்ல விடை. கப்பில் 0.1 டிகிரி பிசகினாலே 0.8 கிலோ ஜூல் மாறும், அதனால் ஒரு டிகிரிக் கோடு போட்ட தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது.

அம்மோனியம் குளோரைடில் வெப்பம் வெளியே போகாது. கரைசல் அறையைவிடக் குளிர்ந்திருப்பதால் வெளியிலிருந்து உள்ளே வரும், ஆகவே இறக்கம் குறைவாகத் தெரியும். 5 கிராம் என்பது 0.0935 மோல். மோலுக்கு 14.8 கிலோ ஜூல் வீதம் 1383 ஜூல் உறிஞ்சும். நிறை 55 கிராம் என்று எடுத்தால் 6.0 டிகிரி குறைய வேண்டும். கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும், அதற்குள் வெப்பம் புகுந்துவிடும். உரலில் பொடித்து, ஒரே தடவையில் போட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள். தெர்மாமீட்டர் குமிழால் கலக்கக் கூடாது. வரைபடத்தில் இந்த முறை ஏறும் கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். விடைக்கு முன் கூட்டல் குறி போட மறக்க வேண்டாம், இது வெப்பக் கொள் மாற்றம்.