புதுப்பிப்பு: மால்டாவின் இம்தினாவுக்குப் போய் வந்தாச்சு

மால்டா தீவின் பழைய கோட்டை நகரம் இம்தினாவுக்கு அரை நாள் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் போதும் என்றீர்கள். போதும்தான், ஆனால் எந்த அரை நாள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் பதினொரு மணிக்குப் போய் மாட்டிக்கொண்டேன். பெயர் 'மௌன நகரம்', உள்ளே திருவிழாக் கூட்டம்! சரி என்று மதிலுக்கு வெளியே உள்ள பக்கத்து ஊர் ரபாத்துக்கு நடந்து, ரிக்கோட்டா என்னும் பாலாடைக்கட்டி வைத்த பஸ்திஸி சூடாக இரண்டு சாப்பிட்டேன் (நம் பப்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி). புனித பவுல் நிலத்தடிக் கல்லறைகளையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினேன். அப்போதுதான் ஊர் கிடைத்தது: தேன்நிறக் கல்சுவர், வளைந்த சந்துகள், என் செருப்புச் சத்தம். உள்ளே குடியிருப்பவர்கள் 300 பேர்கூட இல்லை.

'எல்லாமே இடைக்காலமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. 1693 நிலநடுக்கத்தில் பேராலயம் பெரும் சேதமடைந்தது. இப்போதுள்ளது கட்டடக் கலைஞர் லொரென்சோ கஃபா கட்டியது. நகரத்தின் முகப்பு வாயில் 1724இல் வந்தது. பழசு என்றால் முதலில் அந்தச் சந்துகளின் வளைவைத்தான் சொல்ல வேண்டும்.

பேராலயத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நேரம் காட்டும், மற்றது தேதி. என் கைக்கடிகாரம் தப்போ என்று கொஞ்ச நேரம் குழம்பினேன்.