கன்னி இனப்பெருக்கம்: ராணித்தேனீக்குப் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களே,

விலங்கியல் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். விந்தணு சேராத முட்டையிலிருந்தே உயிர் வளரும் பார்த்தினோஜெனிசிஸுக்கு நூல்களில் 'கன்னி இனப்பெருக்கம்' என்று இருக்கிறது. ஆணோடு கூடாமலே பெருகும் அசுவினிப் பூச்சிக்குச் சரி. தேனீயிடம் வந்ததும் இடிக்கிறது. ராணி பறந்துபோய்ப் பல ஆண்களோடு கூடி, விந்தணுக்களைத் தன் பையில் சேமித்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிறது. பிறகு விந்து சேர்த்து இடும் முட்டை 32 குரோமோசோம்களோடு பெண்ணாகிறது. சேர்க்காமல் இடுவது 16 குரோமோசோம்களோடு ஆணாகிறது. இந்தத் தாயைக் கன்னி என்று எப்படி எழுதுவது? 'கருவுறாப் பிறப்பு' என்று வைக்கலாமா?

* * *

வேண்டாம் தம்பி. கிரேக்கத்தில் பார்த்தெனோஸ் என்றாலே கன்னிதான். ரிச்சர்ட் ஓவன் 1849-இல் இந்தச் சொல்லை நூல் தலைப்பாகவே வைத்தார். அப்புறம், கன்னிப்பேச்சு, கன்னி முயற்சி என்கிறோமே, அங்கெல்லாம் மணமா பேசப்படுகிறது? கன்று, கனி, கன்னி மூன்றும் 'கன்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. விரிவாக எழுதுகிறேன்.

* * *

ஐயா, கன்று இளசு, கனி பழுத்தது. இரண்டுக்கும் ஒரே வேரா? விரிவாக எழுதாமல் இருந்தால் நல்லது.

'கருவுறா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பிழையில்லை. கருவுறாமலே விதையில்லாப் பழம் உண்டாகும் பார்த்தினோகார்ப்பிக்குக் 'கருவுறாக்கனி' தாவரவியலில் ஏற்கெனவே இருக்கிறது. மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்வார்கள்.

* * *

அங்கேதான் சிக்கல். விதையில்லாப் பழத்தில் கரு இல்லை, சரி. ஆண் தேனீயின் முட்டைக்குள் கரு வளராமலா ஈ வெளியே வருகிறது? வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளையே கேட்டுவிடும். 'விந்திலாப் பெருக்கம்' என் பரிந்துரை.

* * *

அமேசான் மாலி மீனை மறந்துவிட்டீர்கள் அம்மா. வேற்றின ஆணின் விந்தணு முட்டையைத் தூண்டிவிட வேண்டும். ஆனால் அதன் மரபுப்பொருள் குஞ்சுக்குப் போவதில்லை. இதைத் தனிவகை என்பாரும் உண்டு. என்றாலும் 'விந்திலா' என்று அடித்துச் சொல்ல முடியாது. 'தனித்தாய்ப் பெருக்கம்'?

* * *

தனித்தாய் என்றால் கணவனை இழந்தவள் போல ஒலிக்கிறது. கன்னியே இருக்கட்டும்.

* * *

எனக்கும் கன்னியே.

* * *

நன்றி. தலைப்பில் 'கன்னி இனப்பெருக்கம்' என்று விட்டுவிட்டேன். 'விந்தணு சேராத முட்டையிலிருந்து உயிர் வளர்வது' என்ற விளக்கம் முதல் வரியிலேயே வருகிறது. ராணித்தேனீ கன்னி அல்ல என்று பெட்டிச்செய்தியும் சேர்த்திருக்கிறேன்.

* * *

பெட்டி போட்டு விளக்க வேண்டிய சொல் எதற்கு? எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பாடத்தில், செடி கருவுறாமலே விதை உண்டாக்கும் அபோமிக்சிஸ் வருமே, பூவையும் கன்னியாக்கப் போகிறீர்களா?